ஆள் இல்லையா, ஆள் நிற்கவில்லையா?

எமது வர்த்தகர்கள் நாலு பேர் கூடினால் இப்போது முதலில் வரும் பேச்சு டொலரைப் பற்றியோ வரியைப் பற்றியோ அல்ல. "வேலைக்கு ஆள் இல்லை" என்பதுதான். புத்தளம் கடைத்தெருவிலும், கல்பிட்டியிலும், மதுரங்குளியிலும், சிலாபத்திலும் இதே முறைப்பாடு. கவுண்டரில் நின்ற பொடியன் கட்டார் போய்விட்டான். லொறி சாரதி மாதக் கடைசியில் சொல்லாமல் நின்றுவிட்டான். கருவாட்டு வாடியில் பத்துப் பேர் செய்த வேலையை ஆறு பேர் செய்கிறார்கள். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புடவைக் கடையில் மூன்று பேர் ஒன்றாக விலகுகிறார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேலாக ஹாட்வெயார் கடையும் கருவாட்டு மொத்த வியாபாரமும் செய்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். "ஆள் இல்லை" என்பது பாதி உண்மைதான். ஒரே வீதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகள் இருக்கின்றன. ஒன்றில் பதினைந்து வருடமாக அதே முகங்கள். மற்றதில் ஒவ்வொரு பெருநாளுக்கும் புது முகங்கள். இரண்டு கடைக்கும் ஆட்கள் இதே ஊரிலிருந்துதான் வருகிறார்கள், சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியானால் காரணம் கடைக்கு வெளியில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. அதைப் பேச நாம் தயாரில்லை.

கதவடியில் பத்துப் பேர் நின்ற காலம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்த இடம் எமது மாவட்டம். கல்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு என்று எல்லாப் பக்கமும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. வீடு, கடை, காணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார்கள். எங்களை விடப் பெரிய வியாபாரிகளாக இருந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். புத்தளத்து மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள், இருந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். அதில் எமக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. வெங்காயத் தோட்டத்துக்கும், உப்பளத்துக்கும், இறால் பண்ணைக்கும், கடைக்கும் ஆள் தாராளமாகக் கிடைத்தது. ஒருவன் போனால் கதவடியில் பத்துப் பேர் நின்றார்கள். சம்பளத்தைக் கூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. லீவு, நேரம், சேமலாப நிதி என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய நிலையிலும் இருக்கவில்லை. "உனக்கு விருப்பமில்லாவிட்டால் போ" என்ற வார்த்தை முதலாளிமாரின் வாயில் பழகிப் போனது அப்போதுதான். இன்று கடை நடத்தும் பலர் தொழில் படித்ததும் அந்தக் காலத்தில்தான்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பின் ஒரு பகுதியினர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பினார்கள். இங்கே தங்கியவர்களின் பிள்ளைகள் படித்தார்கள், சொந்தமாகக் கடை வைத்தார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் வந்தது. 2011இல் முதல் கட்டமும் 2014இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கின. அதைக் கட்டிய வருடங்களில் மாதச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, பாதுகாப்புச் சப்பாத்து என்றால் என்ன என்பதை எமது இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். கல்பிட்டியில் காற்றுக்குப் பட்டம் விட்டுக் கடலில் ஓடும் வெளிநாட்டார் வரத் தொடங்கிய பிறகு, ஆங்கிலம் நாலு வார்த்தை தெரிந்த பொடியனுக்குக் கடற்கரை ஹோட்டலிலேயே வேலை கிடைக்கிறது. சொந்தமாக ஓட்டோ வைத்திருப்பவன் யாருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

இதற்கெல்லாம் மேலே 2022 வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பழைய சம்பளத்தில் பாதி மாதம்கூட ஓடவில்லை. அந்த ஒரே வருடத்தில் வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவோடு வெளிநாடு போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். எமது கடையை விட்டுப் போனவனும் அந்தக் கணக்கில் ஒருவன்.

ஆகவே, பத்துப் பேர் கதவடியில் நின்ற காலத்துப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, ஒருவரும் நிற்காத காலத்தில் தொழில் செய்கிறோம். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒருவன் போனால் என்ன நட்டம்?

நாம் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள். சீமெந்துப் பை ஒன்று கிழிந்தால் எழுதிவைப்போம். ஆள் போனால் மட்டும் கணக்குப் போடுவதில்லை. ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 45,000 ரூபா சம்பளம் வாங்கும் ஒரு அனுபவமுள்ள விற்பனையாளர் விலகுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவருக்கும் அதே சம்பளம். முதல் மூன்று மாதம் அவர் பாதி வேலைதான் செய்வார். சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாது, விலை தெரியாது. அதில் மட்டும் போவது 67,500 ரூபா. பிழையாக வெட்டிய பைப், மாற்றிக் கலந்த பெயின்ட், குறைத்துப் போட்ட பில் என்று 15,000 ரூபா. பழைய ஆள் முகம் பார்த்துக் கடன் கொடுத்தவர். எந்த மேசன் பாஸ் எப்போது தருவார், யாரிடம் எப்படிக் கேட்டால் வரும் என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. அது அவரோடு போய்விட்டது. அதனால் வராமல் போன கடன் 50,000 ரூபா. மொத்தம் 132,500 ரூபா. அவர் பக்கத்துக் கடையில் போய்ச் சேர்ந்தால் வாடிக்கையாளர்களும் பின்னாலே போவார்கள். அதை இதில் சேர்க்கவில்லை.

அதே ஆளுக்கு மாதம் 5,000 ரூபா கூட்டிக் கொடுத்திருந்தால், சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேர்த்து வருடத்துக்கு 69,000 ரூபா. எது மலிவு? உங்கள் கடையின் தொகைகளைப் போட்டு நீங்களே பாருங்கள். கூடும், குறையும், ஆனால் முடிவு பெரிதாக மாறாது என்பது என் எண்ணம்.

இந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் போட்டார். கார் செய்த ஹென்றி ஃபோர்ட். 1913இல் அவருடைய தொழிற்சாலையில் ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஒரு வருடத்தில் 50,000க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் நாட்கூலியை இரண்டரை டொலருக்கும் குறைவாக இருந்ததிலிருந்து ஐந்து டொலர் என்று ஆக்கினார். ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணி நேரமாகக் குறைத்தார். பைத்தியம் என்றார்கள். ஆள் விலகுவது 1913இல் 370 வீதமாக இருந்தது, 1915இல் 16 வீதத்துக்கு இறங்கியது. அவர் தர்மம் செய்யவில்லை, கணக்குப் பார்த்தார். ஆனால் அந்த ஐந்து டொலரைக் கொடுப்பதற்கு முன் தொழிலாளியின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறானா, வீடு சுத்தமா என்றெல்லாம் விசாரித்தார். அந்தப் பகுதியைத் தொழிலாளர்கள் வெறுத்தார்கள். சம்பளம் கொடுப்பவன் வேலையைத்தான் வாங்குகிறான், ஆளை வாங்கவில்லை.

கடனால் கட்ட முடியாது

எமது கரையில் ஆளை நிறுத்துவதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. அது முற்பணம். கரைவலைச் சம்மாட்டி பருவம் தொடங்குமுன் வலை இழுப்பவர்களுக்குக் காசு கொடுப்பார். அதைக் கழிக்கும்வரை அவன் வேறு வாடிக்குப் போக முடியாது. அதைப் பார்த்துக் கடைக்காரரும் படித்தோம். மகள் கலியாணத்துக்கு ஒரு லட்சம் கொடுத்துவைத்தால் ஆள் போகமாட்டான் என்று நம்புகிறோம்.

இந்தக் காலத்தில் அது எடுபடுவதில்லை. கடன் கூடியவன்தான் முதலில் ஓடுகிறான். வெளிநாட்டுக்குப் போனால்தான் அடைக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். போகும்போது முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுச் சொல்லாமலே போகிறான். நமக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை, உறவும் இல்லை.

கஷ்டத்தில் உதவி செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடனை வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு பேரும் கையொப்பமிட்டு எழுதுங்கள். அவன் சம்பளத்தில் தாங்கக்கூடிய தவணையாகக் கழியுங்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வையுங்கள். சம்மாட்டி முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பகுதி வேறு. அது பங்கு. மீன் பட்டால் இழுத்தவனுக்கும் கூடக் கிடைக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செய்யக்கூடியவை

முதலாவது, சம்பளத் திகதி. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்று எந்த முஸ்லிம் வர்த்தகருக்கும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் செக் திரும்பியது, கொழும்புப் பார்ட்டிக்குக் கட்ட வேண்டியிருந்தது என்று பத்தாம் திகதி, பதினைந்தாம் திகதி ஆகிறது. கொழும்புக்காரனின் செக்குக்குப் பயப்படுகிறோம், கடைப் பொடியனின் வாடகைக்குப் பயப்படுவதில்லை. திகதி ஒன்றைச் சொல்லி அந்தத் திகதியில் கொடுப்பதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது, சட்டம் சொல்வதைச் செய்வது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஊழியரின் பங்கு 8 வீதம், எமது பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு எமது பங்கு 3 வீதம், அதற்கான சட்டம் 1980இல் வந்தது. ஒரு ஆள் வேலை செய்தாலும் இது கட்டாயம். பிந்திக் கட்டினால் தண்டம் 50 வீதம்வரை ஏறும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாகத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. கடைகளுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, வருடத்துக்கு 14 நாள் லீவு, தற்செயல் லீவு 7 நாள்.

"அதில் வட்டி இருக்கிறதே" என்று சிலர் சேமலாப நிதியைத் தவிர்க்கிறார்கள். நான் ஆலிம் அல்ல. சேரும் வட்டியை அந்த ஊழியர் என்ன செய்வது என்பதை அவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். எமது பங்கான 12 வீதம் வட்டி அல்ல. அது சட்டப்படி அவருடைய உழைப்புக்குச் சேர வேண்டிய காசு. அதைக் கல்லாவில் வைத்துக்கொண்டு மார்க்கத்தைக் காரணம் காட்டுவது எப்படிச் சரியாகும்?

பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தவனுக்குப் பெண் கொடுக்க அன்று ஏன் போட்டி போட்டார்கள்? சம்பளம் மட்டும் காரணமல்ல. பென்ஷன் இல்லாவிட்டாலும் வயது போனபின் கையில் ஒரு தொகை வரும் என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கையைச் சிறு கடையும் கொடுக்கலாம். 15 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ வைத்திருந்தவர்கள், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் நாமே செய்தால் என்ன? 45,000 ரூபா சம்பளக்காரருக்கு மாதம் 1,875 ரூபாவை ஒதுக்கினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேரும். சம்பளம் கூடும்போது ஒதுக்குவதையும் கூட்ட வேண்டும். ஐந்து வருடம் நின்றால் உனக்கு இவ்வளவு என்று கடிதமாகவே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, மரியாதை. இருபது வருடம் நின்ற நானாவை வாடிக்கையாளர் முன்னால் "அடே" என்று கூப்பிடும் முதலாளி இன்னும் இருக்கிறார். அதைவிட மோசம், கொழும்பில் படித்துவிட்டு வந்த மகன் கல்லாவில் உட்கார்ந்த அன்றே அந்த நானாவுக்குக் கட்டளை போடத் தொடங்குவது. மகனைக் கடைக்குக் கொண்டுவருவது எமது உரிமை. ஆனால் முதல் ஒரு வருடம் அவன் அந்த நானாவிடம் வேலை பழகட்டும். மூட்டையும் தூக்கட்டும். நல்ல ஆட்கள் பலர் விலகுவது மகன் வந்த முதல் வருடத்தில்தான் என்பதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் வேலை செய்யும் இடங்களுக்கு இன்னொன்றும் உண்டு. கருவாடு காயவைக்கும் இடத்திலும், பொதி செய்யும் இடத்திலும், புடவைக் கடையிலும் கதவு பூட்டக்கூடிய மலசலகூடம், தொழுவதற்கும் சாப்பிடுவதற்கும் ஒரு மறைவான இடம், மஃரிபுக்கு முன் வீடு போகக்கூடிய நேரம். இந்த மூன்றும் இருந்தால் நூறு ரூபா குறைவாகக் கிடைத்தாலும் நிற்பார்கள். இல்லாவிட்டால் நூறு ரூபா கூடக் கொடுத்தாலும் வீட்டார் அனுப்பமாட்டார்கள்.

நாலாவது, முன்னால் ஒரு வழி. இருபது வயதில் வந்தவன் நாற்பது வயதிலும் அதே கவுண்டரில் அதே வேலை என்றால் ஏன் நிற்க வேண்டும்? எமது முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். நம்பிக்கையான பொடியனுக்குப் பத்து வருடத்தில் ஒரு கிளைக் கடை போட்டுக் கொடுப்பார்கள். முதல் முதலாளியுடையது, உழைப்பு அவனுடையது, இலாபம் பேசிய விகிதப்படி. முழாரபா என்று இன்று வங்கிகள் விளம்பரம் செய்வதை அவர்கள் சிட்டைக் கொப்பியில் எழுதிச் செய்தார்கள். இன்றும் செய்யலாம். கிளை போட வசதி இல்லையென்றால் ஒரு பகுதியைப் பொறுப்புக் கொடுங்கள். பெயின்ட் பகுதியின் இலாபத்தில் இத்தனை வீதம் உனக்கு என்று சொல்லுங்கள். ஒரு நிபந்தனை, கணக்கு அவனுக்குத் தெரிய வேண்டும். கணக்கை மறைத்துக்கொண்டு பங்கு கொடுக்கிறேன் என்றால் அது சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

"இதெல்லாம் சிறு கடைக்கு ஆகுமா?"

இப்படிக் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. கட்டார் சம்பளத்தோடு யாராலும் போட்டி போட முடியாது. போகிறவன் போவான். வீடு கட்ட வேண்டும், தங்கச்சியைக் கரை சேர்க்க வேண்டும். அவனைத் தடுக்கவும் கூடாது. நான் கேட்பது இரண்டு விடயம்தான். ஒரு மாதத்துக்கு முன் சொல்லிவிட்டு, வேலையைப் பழக்கிவிட்டுப் போகிறானா? பாஸ்போட் எடுக்கப் போகிறேன் என்று சொல்லப் பயப்படும் கடையில் அது நடக்காது. திரும்பி வந்தால் எமது கடைக்கு வருவானா? இரண்டு மூன்று வருடம் பெரிய சுப்பர் மார்க்கெட்டில் சரக்குப் பிரிவில் நின்றவன், குளிரூட்டிக் களஞ்சியத்தில் வேலை செய்தவன், கம்பியூட்டர் பில் போடத் தெரிந்தவன் எமது செலவில்லாமல் பயிற்சி பெற்று வருகிறான். என்னுடைய கருவாட்டுக் களஞ்சியத்தை இன்று பார்ப்பவர் குவைத்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். போகும்போது விருந்து கொடுத்து அனுப்பினோம். வந்த மறுவாரம் அவரே கடைக்கு வந்தார்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. எல்லா ஊழியரும் நல்லவர்கள் அல்லர். களவு செய்பவன் உண்டு, ஜும்ஆவுக்குப் போகிறேன் என்று அஸருக்கு வருபவனும் உண்டு. அப்படிப்பட்டவனை வைத்திருப்பது நன்றாக வேலை செய்பவனுக்குச் செய்யும் அநியாயம். எழுத்தில் எச்சரியுங்கள், விளக்கம் கேளுங்கள், தீராவிட்டால் சேர வேண்டியதைக் கொடுத்து அனுப்புங்கள். 15 பேரையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் நிறுத்துமுன் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில் ஆணையாளரின் அனுமதி தேவைப்படும் இடங்கள் உண்டு.

வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கடையின் ஆளை மற்றக் கடை இழுக்கக் கூடாது என்று எமக்குள் பேசிக்கொள்வதால் பயனில்லை. நாம் இழுக்காவிட்டால் கொழும்பு இழுக்கும், குவைத் இழுக்கும். அதைவிட, சேமலாப நிதிப் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரைச் சங்கத்தின் செலவில் வைத்து எல்லாச் சிறு கடைகளுக்கும் உதவச் செய்யலாம். பலர் கட்டாமல் இருப்பது காசு இல்லாமல் அல்ல, கந்தோருக்குப் போகப் பயத்தில்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கொப்பியை எடுத்து உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். சேர்ந்த திகதி, இன்றைய சம்பளம், கடைசியாகக் கூட்டியது எப்போது, சேமலாப நிதி இலக்கம், எத்தனை நாள் லீவு எடுத்தார், எவ்வளவு கடன் என்று பெயருக்கு நேரே எழுதுங்கள். எந்தப் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கிறதோ, அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் ஒன்று கொடுத்துப் பேசுங்கள். அவர் போவதற்கு முடிவெடுக்குமுன் அந்தப் பேச்சு நடக்க வேண்டும்.